இரண்டு பிரதிகளை ஒன்றாக்க மூன்றாவது பிரதி வேண்டும்

சிங்கப்பூரில் ஒரு தமிழ் உரை அச்சுக்கோ இணையத்துக்கோ போய்ச் சேர்வதற்குள் பல கை மாறிவிடுகிறது. ஏப்ரலில் தமிழ் மொழி விழா வந்தால் சமூக மன்றங்களிலிருந்து நிகழ்ச்சி அறிவிப்புகள் வரும். கோயில் திருவிழாக்களுக்கு நிரல் வரும், பள்ளிகளிலிருந்து பெற்றோருக்குச் சுற்றறிக்கை வரும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதியதை ஒருவர் தமிழாக்குவார். அதைத் தமிழாசிரியர் ஒருவர் வாங்கிச் சந்தி பார்ப்பார். அதே நேரத்தில் ஏற்பாட்டாளர் தன்னிடமுள்ள பிரதியில் நேரத்தையும் இடத்தையும் மாற்றிக்கொண்டிருப்பார். கடைசியில் மின்னஞ்சலில் இரண்டு கோப்புகள் வந்து நிற்கும். ஒன்றில் இருக்கும் திருத்தம் மற்றதில் இருக்காது.

இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்துக் கண்ணால் ஒப்பிடுவதுதான் பலரும் செய்வது. தமிழுக்கு அது ஆபத்தான வழி. 'மணிக்கு தொடங்கும்' என்பதற்கும் 'மணிக்குத் தொடங்கும்' என்பதற்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ஒற்று. நாற்பதாவது வரியில் அது கண்ணில் படாது. கணினிக்கு முதல் வரியும் நாற்பதாவது வரியும் ஒன்றுதான். இந்த வேலைக்கென்றே ஐம்பது ஆண்டுகளாகக் கருவிகள் இருக்கின்றன. மேக், லினக்ஸ் இரண்டிலும் கட்டளை வரியைத் திறந்தால் பெரும்பாலும் அவை தயாராக இருக்கும். விண்டோஸில் லினக்ஸ் துணை அமைப்பை நிறுவிக்கொண்டால் போதும். நிரலாளர்களுக்கு மட்டுமே உரியவை என்று இவற்றை ஒதுக்கி வைத்திருப்பது நமக்குத்தான் நட்டம்.

இவற்றில் மூத்தது டிஃப். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதியது, 1974இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்போடு வெளிவந்தது. அதன் வழிமுறையை ஜேம்ஸ் ஹன்ட்டும் அவரும் 1976இல் ஓர் ஆய்வறிக்கையில் விளக்கினார்கள். அடிப்படைக் கருத்து எளிமையானது. கோப்பு என்பது வரிகளின் தொடர். இரண்டு கோப்புகளிலும் அதே வரிசையில் வரும் பொதுவான வரிகளைத் தேடி, அவற்றில் மிக நீளமான தொடரைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தொடரில் இடம்பெறாத வரிகள்தான் வேறுபாடுகள். முதல் கோப்பில் மட்டும் இருந்தால் அது நீக்கப்பட்ட வரி, இரண்டாவதில் மட்டும் இருந்தால் சேர்க்கப்பட்ட வரி. 'மாற்றப்பட்ட வரி' என்று டிஃப்பின் கணக்கில் தனியாக ஒன்று கிடையாது. அது ஒரு நீக்கமும் ஒரு சேர்ப்பும்தான். ஒரு பத்தியைக் கீழே நகர்த்தி வைத்தாலும், மேலே அழித்துக் கீழே புதிதாக எழுதியதாகத்தான் காட்டும். வரிசை மாறினால் பொதுத் தொடர் அறுந்துவிடும் என்பதே காரணம்.

1986இல் யூஜின் மையர்ஸ் இதற்கு வேகமான வழி ஒன்றை வெளியிட்டார். வேறுபாடு எவ்வளவு குறைவோ அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும் முறை அது. லினக்ஸோடு வரும் குனூ டிஃப், கோப்புகளின் மாற்றங்களை வரலாறாகப் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருள் இரண்டும் இன்றும் அந்த வழியைத்தான் அடிப்படையாகக் கொண்டிருக்கின்றன. ஆனால் கணக்கின்படி மிகச் சிறிய வேறுபாடு, மனிதர் உண்மையில் செய்த திருத்தமாக இருக்கவேண்டிய அவசியமில்லை. வெற்று வரிகளும் 'நன்றி' போன்று திரும்பத் திரும்ப வரும் வரிகளும் தப்பான இடத்தில் ஜோடி சேர்ந்துவிடுவதுண்டு. பிட்டாரன்ட்டை உருவாக்கிய பிராம் கோஹென் இதற்காகவே 'பேஷன்ஸ்' என்ற மாற்று வழியைக் கொண்டுவந்தார். இரண்டு கோப்பிலும் ஒரே ஒரு முறை மட்டும் வரும் வரிகளை முதலில் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கு நடுவே மற்றதைப் பொருத்தும் முறை அது. கிட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நீண்ட கட்டுரைகளுக்கு அது நன்றாகவே உதவுகிறது.

டிஃப் தரும் விடையைப் படிக்கப் பழகுவது கடினமில்லை. கட்டளையோடு 'யு' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் 'ஒருங்கிணைந்த வடிவம்' கிடைக்கும். 1990இல் வேய்ன் டேவிசன் உருவாக்கிய இந்த வடிவம் இன்று எங்கும் நிலைத்துவிட்டது. நீக்கிய வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி, மாறாத வரிக்கு முன்னால் வெற்றிடம். '@@' என்று தொடங்கும் வரி, எந்தெந்த வரிகளைக் காட்டுகிறது என்று சொல்லும் எண்கள். தமிழாசிரியர் திருத்திய பிரதியை 'மொழி' என்றும், ஏற்பாட்டாளர் பிரதியை 'ஏற்பாடு' என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒப்பிட்டால் இப்படி வரும்:

--- மொழி
+++ ஏற்பாடு
@@ -1,5 +1,5 @@
 தமிழ் மொழி விழா
-நிகழ்ச்சி சனிக்கிழமை மாலை 6 மணிக்குத் தொடங்கும்.
+நிகழ்ச்சி சனிக்கிழமை மாலை 6 மணிக்கு தொடங்கும்.
 இடம்: தோ பாயோ சமூக மன்றம்.
 அனுமதி இலவசம்.
-இரவு உணவு வழங்கப்படும்.
+தேநீர் வழங்கப்படும்.

வேறுபாடு தெரிந்துவிட்டது. சரி, எதை வைத்துக்கொள்வது? இரண்டு கோப்புகளை மட்டும் பார்க்கும் கருவியால் இதற்கு விடை சொல்லவே முடியாது. ஆசிரியர் ஒற்றைச் சேர்த்தாரா, ஏற்பாட்டாளர் ஒற்றை எடுத்தாரா? இரவு உணவு தேநீரானதா, தேநீர் இரவு உணவானதா? இரண்டுமே நடந்திருக்கக்கூடியவை. 'கடைசியாக வந்த கோப்பே சரி' என்று முடிவெடுத்தால் ஒற்று போய்விடும். ஆசிரியர் கோப்பே சரி என்றால் வருகிறவர்கள் இரவு உணவை எதிர்பார்த்து வருவார்கள்.

இங்கேதான் மூன்றாவது பிரதி தேவைப்படுகிறது. இருவருக்கும் அனுப்பிய, யார் கையும் படாத அந்த மூலக் கோப்பு. அதில் 'மணிக்கு தொடங்கும்' என்றும் 'இரவு உணவு' என்றும் இருந்தால் எல்லாம் விளங்கிவிடுகிறது. முதல் மாற்றம் ஆசிரியருடையது, இரண்டாவது ஏற்பாட்டாளருடையது. இரண்டும் வெவ்வேறு இடங்கள், ஆகவே இரண்டையும் ஏற்கலாம். ஒருவர் மட்டும் மாற்றிய இடத்தில் அவர் மாற்றத்தை எடு, இருவரும் ஒரே மாதிரி மாற்றியிருந்தால் ஒரு முறை எடு, இருவரும் வெவ்வேறாக மாற்றியிருந்தால் மனிதரைக் கேள். மும்முனை இணைப்பின் விதி இவ்வளவுதான்.

இதைச் செய்யும் பழைய கருவி டிஃப்3. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அது இருந்தது. இன்றைய குனூ டிஃப்3க்குக் கோப்புகளைக் கொடுக்கும் வரிசை முக்கியம்: முதலில் என் பிரதி, நடுவில் மூலம், கடைசியில் உங்கள் பிரதி. 'எம்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் இணைத்த உரையைத் திரையில் கொட்டும். அதைப் புதுக் கோப்புக்குத் திருப்பிவிட வேண்டும். கிட் நிறுவியிருந்தால் அதற்குள்ளேயே 'மெர்ஜ்-ஃபைல்' என்ற கட்டளை இருக்கிறது. கோப்புகளின் வரிசை அதேதான். ஆனால் ஒரு எச்சரிக்கை: அது முதலில் கொடுத்த கோப்பின் மேலேயே விடையை எழுதிவிடும். 'பி' (-p) என்ற விருப்பத்தைச் சேர்த்தால்தான் திரைக்கு வரும். சேர்க்காவிட்டால் உங்கள் பிரதி போனது போனதுதான். இந்தக் கட்டளைக்குக் கிட் தன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் களஞ்சியம் எதுவும் தேவையில்லை, தனித்தனிக் கோப்புகளுக்கே ஓடும்.

மூலக் கோப்பைப் பத்திரமாக வைக்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. அனுப்பிய கோப்பிலேயே நாமும் தட்டச்சு செய்யத் தொடங்கிவிடுகிறோம். கருவி எதைத் தேர்ந்தாலும், அனுப்பும் நாளில் ஒரு நகலை 'மூலம்' என்று பெயரிட்டு, எழுத முடியாதபடி பூட்டி வையுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். கிட்டை முழுதாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலுக்காக எழுதிய அந்த மென்பொருள், தனித்தனியாக வளர்ந்த இரண்டு கிளைகளின் பொது மூதாதையை, அதாவது மூலத்தை, தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். மூலம் உண்மையிலேயே தொலைந்துவிட்டால் எஸ்டிஃப் இருக்கிறது. வேறுபட்ட ஒவ்வொரு இடத்திலும் நின்று, இடது பக்கமா வலது பக்கமா என்று நம்மையே கேட்டு விடையை எழுதும். ஆனால் கட்டளை வரி ஓடும் முனையச் சாளரங்கள் தமிழ் எழுத்துகளின் அகலத்தை ஒரே மாதிரி கணக்கிடுவதில்லை, இடது வலது நெடுவரிசைகள் கோணிக்கொள்ளும். நீண்ட வரிகளின் வால் வெட்டுப்பட்டும் தெரியும்.

இருவரும் ஒரே வரியைத் தொட்டிருந்தால் என்ன ஆகும்? ஏற்பாட்டாளர் 6 மணியை 7 என்று மாற்றியிருந்தால் டிஃப்3 இப்படி நிறுத்தி வைக்கும்:

<<<<<<< மொழி
நிகழ்ச்சி சனிக்கிழமை மாலை 6 மணிக்குத் தொடங்கும்.
||||||| மூலம்
நிகழ்ச்சி சனிக்கிழமை மாலை 6 மணிக்கு தொடங்கும்.
=======
நிகழ்ச்சி சனிக்கிழமை மாலை 7 மணிக்கு தொடங்கும்.
>>>>>>> ஏற்பாடு

இதை 'மோதல்' என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நடுவில் மூலம் தெரிகிறது, ஆகவே மேலே ஒற்று சேர்ந்திருக்கிறது, கீழே மணி மாறியிருக்கிறது என்று படித்தவுடனே புரிகிறது. இரண்டையும் சேர்த்து 'மாலை 7 மணிக்குத் தொடங்கும்' என்று எழுதிவிட்டு அடையாளக் குறிகளை அழித்துவிடலாம். கிட் வழக்கமாக நடுவிலுள்ள மூலப் பகுதியைக் காட்டாமல் மேலும் கீழும் மட்டும் காட்டும். அமைப்பில் 'மோதல் பாணி' என்பதை டிஃப்3 என்று மாற்றிவிட்டால் மூலமும் வரும். இதை மாற்றாமல் தமிழ் உரையில் மோதல் தீர்ப்பது வீண் சிரமம்.

அடுத்தடுத்த வரிகளை ஆளுக்கொன்றாக மாற்றியிருந்தாலும் இந்தக் கருவிகள் பெரும்பாலும் மோதல் என்றே சொல்லும். பலருக்கு இது எரிச்சலாக இருக்கும். சொல்லளவில் இணைக்கும் கருவி இருந்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. தமிழுக்கு அது வேண்டாம் என்பேன். ஆசிரியர் 'மணிக்குத்' என்று ஒற்று சேர்த்திருக்கிறார். ஏற்பாட்டாளர் 'தொடங்கும்' என்பதை 'ஆரம்பமாகும்' என்று மாற்றியிருக்கிறார். இரண்டும் வேறு வேறு சொற்கள் என்று ஒரு கருவி இரண்டையும் ஏற்றுக்கொண்டால் 'மணிக்குத் ஆரம்பமாகும்' என்று வந்து நிற்கும். தமிழில் ஒரு சொல்லின் ஈறு அடுத்த சொல்லின் முதலெழுத்தைப் பார்த்துத்தான் நிற்கிறது. அதனால் ஒரு வாக்கியத்தில் இருவர் கைவைத்தால் மூன்றாமவர் ஒருவர் படித்தே ஆகவேண்டும். ஒரு வரிக்கு ஒரு வாக்கியம் என்று கோப்பை எழுதிவைத்தால் கருவி சரியாக அந்த இடத்தில் நிறுத்தும். பத்தி முழுவதையும் ஒரே வரியாக விட்டுவைத்தால் எதைத் தொட்டாலும் மோதல்தான். திரை அகலத்துக்கு மடித்து எழுதினால் ஒரு சொல் சேர்த்ததும் பத்தி முழுக்க வரிகள் நகர்ந்து, எல்லாமே மாறியதாகக் காட்டும். வாக்கியத்துக்கு ஒரு வரி, பத்திக்கு நடுவே ஒரு வெற்று வரி. இந்த ஏற்பாடு தமிழுக்கு மிகப் பொருத்தமானது.

பார்ப்பதற்கு மட்டும் சொல்லளவு ஒப்பீடு நல்லது. கிட்டில் 'வேர்ட்-டிஃப்' விருப்பம், தனிக் கருவியாக டபிள்யூடிஃப். வெற்றிடத்தை வைத்துச் சொல்லைப் பிரிப்பதால் தமிழுக்குத் தடையின்றி ஓடுகின்றன.

மோதல் இல்லாமல் இணைந்துவிட்டது என்றால் உரை சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஏற்பாட்டாளர் இரண்டாம் வரியில் சனிக்கிழமையை ஞாயிற்றுக்கிழமை ஆக்கியிருக்கலாம். ஆசிரியர் கடைசியில் 'சனிக்கிழமை கார் நிறுத்த இடம் குறைவு' என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். கருவி இரண்டையும் அமைதியாக ஏற்கும். இணைத்த பிறகு மூலத்துக்கும் புதிய கோப்புக்கும் ஒரு டிஃப் போட்டு, மாறிய வரிகளை மட்டுமாவது வாய்விட்டுப் படிப்பது அவசியம்.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழுக்கென்று ஒரு தனித் தொல்லை இருக்கிறது: கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாக இருப்பது.

'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். ககரத்தோடு எகரக் கொம்பையும் பிறகு காலையும் தனித்தனியாகவும் சேர்க்கலாம். முதல் முறையில் யூடிஎஃப்-8 கோப்பில் 6 பைட், இரண்டாவதில் 9 பைட். திரையில் ஒரே 'கொ'. டிஃப் பைட்டைத்தான் பார்க்கும். அதனால் யாரும் தொடாத வரி மாறியதாக வரும், மேலும் கீழும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. 'கோ', 'கௌ' இரண்டுக்கும் இதே கதை. யூனிகோட் இவ்விரு வடிவங்களும் சமம் என்று சொல்லி, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறையையும் வகுத்திருக்கிறது. அதற்கு இயல்பாக்கம் என்று பெயர். பைத்தான் நிரல்மொழியில் இரண்டு வரியில் செய்துவிடலாம், யூனிகோடுக்கான ஐசியு மென்பொருள் தொகுப்பில் வரும் யுகான்வ் கருவியும் செய்யும். ஒப்பிடுவதற்கு முன் மூன்று கோப்புகளையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், மூலத்தையும் சேர்த்து.

ஆனால் இயல்பாக்கம் எல்லாவற்றையும் தீர்க்காது. 'ஸ்ரீ' என்பதை ஸகரத்திலிருந்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்திலிருந்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம்தான். யூனிகோடைப் பொறுத்தவரை இவை சமம் அல்ல, ஆகவே இயல்பாக்கம் இதைத் தொடாது. கோயில் பெயர்கள் நிறைந்த ஒரு நிரலில் இது எத்தனை இடத்தில் இடறும் என்று நினைத்துப் பாருங்கள். 'கௌ' என்பதற்குப் பதிலாகக் கொம்பும் ககரமும் ளகரமுமாக 'கெள' என்று அடிப்பது இன்னொரு வழக்கம். வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்தால் கண்ணுக்கே தெரியாத இணைப்புநீக்கக் குறிகளும் ஒட்டிக்கொண்டு வரலாம். இவற்றுக்கு நாமே ஒரு மாற்றுப் பட்டியல் வைத்துக்கொண்டு முதலில் சுத்தம் செய்வதுதான் வழி. சந்தேகமான வரியை ஹெக்ஸ்டம்ப் கருவியில் கொடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பைட் பைட்டாகக் காட்டிவிடும்.

பழைய கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு படியும் உண்டு. 1990களில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறிமுறை என்ற நிலை இருந்தது. அதற்கு ஒரு முடிவு காண வேண்டும் என்ற முயற்சியில் சிங்கப்பூருக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் மாநாடு 1997இல் இங்கேதான் நடந்தது. உத்தமம் எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமும் 2000இல் இங்கேதான் தொடங்கியது. அந்தக் காலத்தில் வழங்கிய டிஸ்கி என்ற குறிமுறையிலுள்ள கோப்பில் 'கொ' என்பது கண்ணில் தெரியும் வரிசையிலேயே, கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் கால் கடைசியிலுமாகப் பதிந்திருக்கும். அதை இன்றைய கோப்போடு நேரடியாக ஒப்பிடுவதில் பயனில்லை. லினக்ஸின் ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும், முதலில் அதைக்கொண்டு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வரி முடிவுக் குறியும் ஒரு பொல்லாத காரணம். விண்டோஸ் ஒவ்வொரு வரியையும் இரண்டு குறிகளோடு முடிக்கும், மேக்கும் லினக்ஸும் ஒன்றோடு. விண்டோஸில் திறந்து சேமித்த கோப்பு முழுவதுமே மாறியதாக டிஃப் சொன்னால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். குனூ டிஃப்பில் அந்தக் கூடுதல் குறியைக் கழிக்கும் விருப்பம் இருக்கிறது. வெற்றிடங்களைப் புறக்கணிக்கும் விருப்பங்களும் உண்டு. அவற்றில் 'டபிள்யூ' வெற்றிடத்தையே மொத்தமாக மறந்துவிடும், அப்புறம் 'அந்த மான்' என்பதும் 'அந்தமான்' என்பதும் அதற்கு ஒன்றாகிவிடும். 'பி' (-b) என்ற விருப்பம் வெற்றிடத்தின் அளவை மட்டுமே புறக்கணிக்கும். தமிழுக்கு அதுவே பாதுகாப்பு.

வேர்டு கோப்புகளை இந்தக் கருவிகளிடம் நேராகக் கொடுக்க முடியாது. அவை சுருக்கிக் கட்டிய பொதிகள், 'இரும நிலைக் கோப்புகள் வேறுபடுகின்றன' என்பதோடு டிஃப் நிறுத்திவிடும். பேன்டாக் கருவியால் எளிய உரையாக மாற்றிக்கொண்டு ஒப்பிடலாம்.

திருத்தத்தை மட்டும் தனியே அனுப்ப விரும்பினால் பேட்ச் இருக்கிறது. லாரி வால் 1985இல் வெளியிட்டது. டிஃப் தந்த விடையைக் கோப்பாக அனுப்பினால், பெறுபவர் தன் பிரதிமேல் அதைப் பூசிக்கொள்ளலாம். அவர் பிரதியில் மேலே பத்து வரி கூடியிருந்தாலும், சுற்றியுள்ள மாறாத வரிகளை வைத்து இடத்தைத் தேடிப் பிடிக்கும். பிடிக்க முடியாததைத் தனிக் கோப்பில் ஒதுக்கி வைக்கும். ஒத்திகை பார்க்கும் விருப்பமும் உண்டு, தமிழ் உரையில் முதலில் அதையே ஓட்டுங்கள். டிஃப் விடையை வாட்ஸ்அப் செய்தியாக ஒட்டி அனுப்பக் கூடாது. உடுக்குறியையும் அடிக்கோட்டையும் அது எழுத்து அலங்காரமாக எடுத்துக்கொள்ளும். இணைப்பாக அனுப்பினால் போதும்.

மொழிபெயர்ப்பாளர்கள் வைத்திருக்கும் கலைச்சொல் பட்டியலுக்கு டிஃப்பைவிட 'காம்' (comm) என்ற கட்டளை ஏற்றது. ஒருவர் பட்டியலில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), மசேநி (மத்திய சேம நிதி), பெருவிரைவு ரயில் என்று இருக்கும், இன்னொருவர் பட்டியலில் வேறு சில கூடுதலாக இருக்கும். காம் மூன்று நெடுவரிசையாகப் பிரித்துத் தரும்: முதல் கோப்பில் மட்டும் உள்ளவை, இரண்டாவதில் மட்டும் உள்ளவை, இரண்டிலும் உள்ளவை. இரண்டு பட்டியலும் முன்கூட்டியே ஒரே முறையில் வரிசைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மொழி அமைப்பைப் பொறுத்து வரிசை மாறும். யூனிகோட் எண் வரிசையோ நம் அகரவரிசை அல்ல. அதில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வரும். ஒப்பிடும் நேரத்துக்கு மட்டும் இரு கோப்புகளையும் 'சி' என்ற மொழி அமைப்பில், அதாவது பைட் வரிசையில் அடுக்கிவிட்டால் காம் குழம்பாது. இணைத்த பட்டியலை அச்சிடும்போது அகரவரிசைக்கு மாற்றிக்கொள்ளலாம்.